தொண்ணூற்றாறை நாற்பத்தொன்றாக்கிய அம்மையாருக்கு

பதிலுரைப் பிரிவின் பெருவிளக்கே! கோப்புகளின் குவியலுக்குள் குன்றாத குணக்குன்றே! சபையில் எழும் சரமாரியான கேள்விகளுக்குச் சலிக்காமல், சளைக்காமல், சாக்குச் சொல்லாமல் விடை வடித்த வித்தகியே! எங்கள் பிரிவு அலுவலர் அம்மையீர்! வணக்கம்.

இந்நேரம் நீங்கள் நாற்காலியில் நெளிந்துகொண்டிருப்பீர்கள் என்று எங்களுக்குத் தெரியும். ஒரு பதிலில் ஒரே ஓர் அடைமொழி இருந்தாலும் அதன் கீழே சிவப்புக் கோடு போட்டு, "இது எதுக்கு இங்க?" என்று கேட்கிறவர் நீங்கள். பணி ஓய்வு பெறும் இன்று உங்கள் இரண்டு கையிலும் பூங்கொத்து இருக்கிறது, பேனா எடுக்க வழியில்லை. ஆகவே ஆசை தீர அடைமொழி போட்டுக்கொள்கிறோம். பொறுத்தருள்க!

முன்வரிசையில் அமர்ந்திருக்கும் உங்கள் கணவருக்கும் மகளுக்கும் மருமகனுக்கும், நீங்கள் இத்தனை ஆண்டுகள் எங்கே போய் என்ன செய்தீர்கள் என்று சொல்லிவிட வேண்டும். சட்டசபையில் உறுப்பினர் ஒரு கேள்வி கேட்பார். அமைச்சர் எழுந்து ஒரு பதில் படிப்பார். அந்தப் பதில் இரண்டாம் மாடியில், லிப்ட் இயந்திர அறைக்கும் கழிவறைக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருக்கும் எங்கள் அறையில் பிறக்கும். லிப்ட் ஏறி இறங்கும்போதெல்லாம் மேசையில் இருக்கும் தேநீர் நடுங்கும். கிளை அலுவலகங்கள் அதைவிட அதிகமாக நடுங்கும், ஏனென்றால் அவர்கள் அனுப்பும் ஒவ்வொரு எண்ணுக்கும் நீங்கள் தொலைபேசியை எடுத்து, "எண்ணிச் சொல்றீங்களா, சும்மா சொல்றீங்களா?" என்று கேட்பீர்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால் நாங்கள் உங்களை 'எண்ணிச்சொல் அம்மா' என்றுதான் அழைத்தோம். இன்று முகத்துக்கு நேரே சொல்லும் துணிவு வந்துவிட்டது, நாளை முதல் விடுப்புக்கு உங்களிடம் வந்து நிற்க வேண்டியதில்லை அல்லவா!

அறிவின் ஆழமும் ஆற்றலின் அகலமும் கொண்ட அம்மையீர்! முப்பத்து நான்கு ஆண்டுப் பணியில் நீங்கள் எழுதிய பதில்களை அடுக்கினால் இந்த மண்டபம் போதாது. ஆனால் நாங்கள் பெருமையோடு பேச வந்தது ஒரே ஒரு பதிலைப் பற்றி. அது நீங்கள் தவறாக எழுதிய பதில்.

ஏழு ஆண்டுகளுக்கு முன் ஓர் உறுப்பினர் கேட்டார்: அரசுக்குப் பொருள் கொடுக்கிறவர்களில் எத்தனை பேருக்கு, பில் கொடுத்த முப்பது நாளுக்குள் பணம் போய்ச் சேருகிறது? தொண்ணூற்றாறு விழுக்காடு என்று எழுதினோம். வழக்கம்போல் குடைந்து கேட்டீர்கள். எண்ணிச் சொன்னதுதான் என்று பில் பிரிவு சத்தியம் செய்தது. அமைச்சர் படித்தார், சபை மேசையைத் தட்டியது, செய்தித்தாள்கள் கட்டம் கட்டிப் போட்டன. எங்கள் அறையை அதுவரை எட்டிப் பார்க்காத செயலரே இறங்கி வந்து, "இந்த ரூம்ல இனிமே ரொம்ப நாள் இருக்க மாட்டீங்கம்மா" என்றார். துணைச் செயலர் நாற்காலி அப்போது காலியாக இருந்தது. அதற்காக நீங்கள் பதினோரு ஆண்டுகள் காத்திருந்தீர்கள். நாங்கள் வெட்கமே இல்லாமல், உங்கள் ஜன்னலோர மேசை யாருக்கு என்று சண்டை போடத் தொடங்கியிருந்தோம்.

அந்த வாரத்தில்தான் வாளிக்கார அம்மா வந்தார். மருத்துவமனைகளுக்கும் அலுவலகங்களுக்கும் வாளியும் துடைப்பமும் தரை துடைக்கும் மருந்தும் கொடுக்கிறவர். கையில் செய்தித்தாள்.

"இங்க யாரும்மா தொண்ணூத்தாறு எழுதினது?"

"நான்தான். உக்காருங்க" என்றீர்கள்.

"உக்கார வரல. நூத்துல தொண்ணூத்தாறு பேருக்கு ஒரு மாசத்துல பணம் வந்துடுதுன்னு போட்டிருக்கு. எனக்கு வரல. அப்போ மிச்சம் நாலு பேர்ல நான் ஒருத்தி. மத்த மூணு பேர் யாருன்னு சொல்லுங்க, தேடிப் போய் ஒண்ணா உக்காந்து ஒரு டீயாவது குடிக்கறேன். எனக்குத் தெரிஞ்ச கடைக்காரங்க ஒருத்தருக்கும் வரல, அதான் கேக்கறேன்."

நாங்கள் சிரித்துவிட்டோம். நீங்கள் சிரிக்கவில்லை. அவரை உட்கார வைத்துக் கேட்டீர்கள். அவருடைய பில் மூன்று முறை திரும்பி வந்திருந்தது. முதலில் முத்திரை சாய்ந்திருக்கிறது என்றார்களாம். நிமிர்த்திக் கொண்டுபோனால் தேதியை எழுத்தால் எழுதவில்லையாம். எழுதிக் கொண்டுபோனால் கையெழுத்து நீல மையில் இருக்கிறதாம். இதற்குள் இரண்டு வேலையாட்களை நிறுத்திவிட்டு, சரக்கு ஏற்றும் வண்டியையும் விற்றுவிட்டார்.

நீங்கள் நேரே கீழ்த்தளத்துப் பில் பிரிவுக்குப் போனீர்கள். அங்கே இருந்தவர், பில்களைத் திருப்பி அனுப்பியே பெயர் வாங்கிய நம் ரிட்டர்ன் அண்ணன். அவர் ஒளிக்கவில்லை, மறைக்கவில்லை.

"திருப்பி அனுப்பிட்டா அந்த பில் முடிஞ்சுபோச்சு மேடம். சரி பண்ணி எடுத்துட்டு வந்தா அது புது பில். புது பில்லுக்கு அன்னிலேர்ந்துதானே எண்ணணும்?"

"எப்போ திருப்பி அனுப்புவீங்க?"

"முப்பது நாள் நெருங்கறப்போ. எனக்கு அப்படித்தான் மேடம் சொல்லிக் குடுத்தாங்க."

ஆக, அந்த எண் எண்ணிச் சொன்னதுதான். எண்ணத் தொடங்கிய இடம்தான் பொய். எங்களை எல்லாம் கீழே இறக்கி, ஒவ்வொரு பில்லும் முதன்முதலில் வாசலைத் தாண்டிய நாளிலிருந்து எண்ண வைத்தீர்கள். தொண்ணூற்றாறு இறங்கி நாற்பத்தொன்றில் வந்து நின்றது.

அஞ்சா நெஞ்சும் அசையா நேர்மையும் அணியாகப் பூண்ட அம்மையீர்! செயலர் அறையில் நடந்ததை, கோப்பைச் சுமந்துகொண்டு உடன் வந்த எங்களில் ஒருவர் கதவோரம் நின்று கேட்டார்.

"இதை யாராவது கேட்டாங்களாம்மா?"

"ஒருத்தங்க கேட்டாங்க சார்."

"சபையிலயா?"

"என் மேசைக்கு முன்னாடி."

"அடுத்த வருஷத்துலேர்ந்து புது மாதிரி எண்ணிக்கலாமே. பழசை எதுக்குக் கிளறணும்? பதவி உயர்வுப் பட்டியல் அடுத்த மாசம் போகுது, உங்க பேருதான் மேல இருக்கு. நான் மிரட்டலம்மா, யோசிச்சுப் பாருங்கன்னு சொல்றேன்."

"யோசிச்சுட்டுத்தான் வந்தேன் சார். தப்பு என் கையெழுத்துல போயிருக்கு. திருத்தமும் என் கையெழுத்துலயே போகட்டும்."

என்ன யோசித்தீர்கள் என்பதை, போன வாரம் விழா அழைப்பு கொடுக்க வந்த எங்களிடம்தான் உங்கள் கணவர் சொன்னார். மருத்துவமனையில் மின்பணியாளராக இருந்து ஓய்வு பெற்ற அவர், வயரைச் சுருட்டிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்: "சாப்பிடறப்போ கேட்டா, எனக்கு அந்த வேலை கிடைக்கலேன்னா உங்களுக்கு வருத்தமா இருக்குமான்னு. இருக்கும்னுதான் சொன்னேன். பொய் சொன்னா உடனே கண்டுபிடிச்சிடுவா. ஆனா அனுப்பிடுன்னும் சொன்னேன்." ஐயா, உங்களுக்கும் எங்கள் வணக்கம்!

அமைச்சர் திருத்தத்தைப் படித்த நாளை மறக்க முடியுமா? "போன மாசம் தொண்ணூத்தாறு, இந்த மாசம் நாப்பத்தொண்ணு, இது அரசாங்கமா ஏலக்கடையா?" என்று ஓர் உறுப்பினர் கத்த, சபையே சிரிப்பில் குலுங்கியது. மற்றப் பிரிவுக்காரர்கள் எங்களோடு லிப்டில் ஏறவே தயங்கினார்கள். பட்டியல் வந்தது. அதில் உங்கள் பெயர் இல்லை, நீங்கள் வேலை கற்றுக்கொடுத்தவரின் பெயர் இருந்தது. முதல் ஆளாகப் போய் அவருக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு வந்தீர்கள். சற்று நேரம் கழிவறையில் தாழிட்டுக்கொண்டீர்கள். முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்து, "நாளைக்கு உண்டான கேள்வியெல்லாம் வந்தாச்சா?" என்று கேட்டீர்கள். அன்று எங்களுக்கு உங்கள் மேல் கோபம்கூட வந்தது அம்மா. இப்படிப் பிழைக்கத் தெரியாமல் இருக்கிறாரே என்று எங்களுக்குள் முணுமுணுத்தோம்.

ஆனால் தொண்ணூற்றாறு சாதிக்காததை நாற்பத்தொன்று சாதித்தது. தொண்ணூற்றாறு இருந்தவரை யாரும் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. நாற்பத்தொன்றைப் படித்துவிட்டு அமைச்சரால் சும்மா இருக்க முடியவில்லை. குறை இருந்தால் எல்லாவற்றையும் ஒரே தடவையில், முதல் வாரத்திலேயே சொல்லிவிட வேண்டும், முதல் நாளிலிருந்தே எண்ண வேண்டும், சாய்ந்த முத்திரை குறையே ஆகாது என்று ஆணை பிறந்தது. ஆண்டுக்கு ஆண்டு எண் ஏறியது, போன ஆண்டு எண்பத்தொன்பதைத் தொட்டது. வாளிக்கார அம்மா நிறுத்திய ஆட்களைத் திரும்ப வேலைக்கு எடுத்தார். அழைப்பு அனுப்ப நாங்கள் மறந்தும், அவராகவே வந்து மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

உங்களிடம் குறையே இல்லையா? காகிதம் பறக்கும் என்று கோடை முழுக்க மின்விசிறியை நிறுத்தி எங்களை வேகவைத்தீர்கள். தொலைபேசியே தேவைப்படாத குரலில் தொலைபேசியில் பேசினீர்கள். எவ்வளவு நன்றாக எழுதிக் கொடுத்தாலும் "பரவால்ல" என்பதற்கு மேல் ஒரு சொல் உங்கள் வாயிலிருந்து உதிர்ந்ததில்லை. அந்தப் 'பரவால்ல'வுக்காக நாங்கள் தலைகீழாக நின்றோம் என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

இனி, உங்களுக்குத் தெரியாத ஒரு செய்தி. போன வாரம் நீங்கள் மிச்சம் இருந்த விடுப்பில் இருந்தீர்கள். அதே கேள்வி மறுபடியும் வந்தது. பணம் அனுப்பும் புதுக் கணினி சில வாரங்கள் படுத்துவிட்டதால், இந்த ஆண்டு எண் எழுபத்தெட்டாகச் சறுக்கிவிட்டது. மேலிடத்திலிருந்து தொலைபேசி வந்தது. கணினிக் கோளாறு நம் குற்றமில்லையே, அந்த வாரங்களைத் தள்ளிவிட்டு எண்ணினால் என்ன என்று கேட்டார்கள். பிறகு எங்கள் பிரிவுக்கே மாறி வந்து, இப்போது மூத்தவராக இருக்கும் ரிட்டர்ன் அண்ணன்தான் பதில் சொன்னார்: "சார், கணினி படுத்த வாரத்துல பொருள் குடுக்கறவங்க அவங்க ஆளுங்களுக்குச் சம்பளம் குடுக்காம இருந்தாங்களா? குடுத்திருப்பாங்கல்ல? அப்போ அந்த வாரமும் கணக்குல உண்டு சார்." இத்தனைக்கும் உங்கள் நாற்காலிக்கான பதவி உயர்வுப் பட்டியலில் முதல் பெயர் அவருடையது.

இன்று காலை அந்தப் பதில் எழுபத்தெட்டு என்றே போய்விட்டது. நாளை செய்தித்தாளில் அதைப் பார்த்துவிட்டு நம் பிரிவு சரிந்துவிட்டதோ என்று கலங்காதீர்கள் அம்மா. சரிந்ததை யாரும் செய்தித்தாளோடு வந்து கேட்பதற்கு முன் நாங்களே சொல்லியிருக்கிறோம்.

நோயின்றி, நொடியின்றி, நெஞ்சில் பாரமின்றி, துணைவரோடும் மக்களோடும் நெடுங்காலம் நிறைவாழ்வு வாழ்க! வாழ்க!

பெருமையால் நெஞ்சு நிமிர்ந்து நிற்கும்,
பதிலுரைப் பிரிவு ஊழியர்கள் அறுவர்