தூசி படாத சிவப்பு

தும்மல் வந்தால் எழுந்து வெளியே போய்விடுவேன், ஐயா. பெயிண்ட் அடிக்கிறவனுக்கு அந்த அளவு நாகரிகமாவது வேண்டும்.

நான் அடிப்பது சுவருக்கு இல்லை. உள்ளங்கையில் அடங்கும் மாடல் கார்களுக்கு. என் மச்சினன் பொம்மை என்பான். மனைவியின் தம்பி. வேலை போனதும் "ரெண்டு வாரம்தான் மாமா" என்று வந்தவன், என் பெயிண்ட் அறையிலேயே கட்டிலைப் போட்டு வருஷக்கணக்கில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். நானும் பெரிய மனது பண்ணி விட்டுவிட்டேன்.

இந்த வேலையில் பாதி, மறைப்பதுதான். பெயிண்ட் படக்கூடாத இடத்தில் டேப் ஒட்டி, ஓரத்தை நகத்தால் அழுத்திவிட வேண்டும். மீதிப் பாதி தூசியோடு மல்லுக்கட்டுவது. கடைசிப் பளபளப்புப் பூச்சு ஈரமாக இருக்கும்போது ஒரு நூலிழை விழுந்தாலும் போச்சு. போன கண்காட்சியில் என் பரிசைக் கெடுத்தது ஒரே ஒரு சுருட்டை முடி. என் தலையைப் பாருங்கள், அதில் முடியே கிடையாது.

அன்று மனைவி அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். "தம்பியப் பாத்துக்கங்க, அவனுக்கு ஆஸ்துமா" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். மதியம் அவன் நல்ல தூக்கம். ஜன்னல் இடுக்கெல்லாம் டேப் ஒட்டி, முகமூடி மாட்டிக்கொண்டு அடித்தேன். முகமூடி ஒன்றுதான் இருந்தது; அதுவும் என் மூக்கு அளவு. சிவப்பு, அதன்மேல் பளபளப்பு. முகம் பார்க்கலாம் போல வந்தது.

வெளியே வரும்போது அவன் தலைமாட்டில் இருந்த மருந்தையும் எடுத்துக்கொண்டேன். அழுத்தினால் புஸ்ஸென்று அடிக்கிற மருந்து. அதுவும் ஸ்ப்ரேதானே? ஈரப் பூச்சில் பட்டால் புள்ளி விழாதா? நீங்களே சொல்லுங்கள். பிறகு கதவைத் தாழ் போட்டு, சுற்றிலும் டேப் ஒட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் இருமினான். அப்புறம் தட்டினான்.

"மாமா, மூச்சு முட்டுது. கதவத் திறங்க."

"காயட்டும்ப்பா. அசையாம படு, தூசி கிளம்பும்."

"மருந்தக் காணோம் மாமா."

"எங்கிட்டதான் பத்திரமா இருக்கு."

நான் ஒன்றும் கல்நெஞ்சன் இல்லை. அவன் அழுவதைக் கேட்க எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது; ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைத்தேன். பூச்சு காய்ந்திருக்கும் என்று தோன்றிய பிறகுதான் கதவுக்குப் போனேன். உள்ளே சத்தம் நின்று வெகு நேரம் ஆகியிருந்தது. டேப்பை மடித்து மடித்து மெதுவாகத்தான் உரித்தேன். வெடுக்கென்று இழுத்தால் கதவின் பெயிண்டும் கூடவே வந்துவிடும்.

வாசற்படி அருகில்தான் கிடந்தான். தாண்டிப் போய்க் காரைப் பார்த்தேன். தூசி இல்லை, முடி இல்லை. ஆனால் காரின் கூரையில், நட்டநடுவில், ஒரு கட்டைவிரல் பதிந்திருந்தது. வேண்டுமென்றே வைத்திருக்கிறான், ஐயா. மேஜையில் வேறு எதையும் தொடவில்லை.

காலையிலிருந்து என் கைரேகையையே எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்தக் கூரையில் இருப்பதை எடுத்துப் பாருங்கள். குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும்.