வாக்கரின் நான்காவது கால்

மார்ச் 4, செவ்வாய். இன்று ஒரு சிறிய தவறு செய்தேன். கண்டக்டரம்மாவின் வாக்கரில் மூன்று கால்களை ஐந்தாவது ஓட்டையிலும் ஒரு காலை நான்காவது ஓட்டையிலும் மாட்டிவிட்டேன். படி இறங்கிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. வகுப்புக்கு நேரமாகிவிட்டதால் திரும்ப மேலே போகவில்லை. தவறை திருத்தவில்லை.

ஐயா, இந்தப் பக்கத்தை நீங்கள் படித்திருக்கிறீர்கள். கடைசி வரியில் சிவப்பு மையால் ஒரு ‘த்’ சேர்த்து, ‘தவறைத் திருத்தவில்லை. இரண்டாம் வேற்றுமை உருபுக்குப் பின் ஒற்று மிகும். மற்றபடி நன்று’ என்று ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். அதற்குப் பிறகு அந்தப் பிழையை நான் செய்ததில்லை. தினமும் நாட்குறிப்பு எழுதினால் மொழியும் தெளியும், மனமும் தெளியும் என்று முதல் வகுப்பில் சொன்னீர்கள். மொழி ஓரளவு தெளிந்துவிட்டது. மற்றது எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. அதனால் இன்று, ஜூன் 21, சனிக்கிழமை, எல்லாவற்றையும் முதலிலிருந்து வரிசையாக எழுதுகிறேன். திங்கட்கிழமை நோட்டு உங்கள் மேசைக்கு வரும்.

பகலில் நான் ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிறேன். ஏழு மணிக்கு உங்கள் வகுப்பு. இடையில் ஐந்தரை முதல் ஆறரை வரை எங்கள் பகுதிச் சேவைச் சங்கத்தின் வேலைக்குப் போகிறேன். சங்கத்தின் இளையோர் அணிக்கு நான்தான் செயலாளர். எங்களிடம் ‘துணைநடை’ என்று ஒரு திட்டம் இருக்கிறது. எலும்பு முறிந்து வீட்டோடு கிடப்பவர் ஒருவருக்கு ஒரு தொண்டர். தினம் ஒரு மணி நேரம் கூட இருந்து நடக்கப் பழக்க வேண்டும். அவர் பெயரில் ஒரு மஞ்சள் அட்டை சங்கத்துப் பலகையில் தொங்கும். அவர் தானாகத் தெருவரை போய்த் திரும்பிவிட்டால், மருந்துக்கடை வைத்திருக்கும் எங்கள் தலைவர் அந்த அட்டையில் ‘நிறைவு’ என்று முத்திரை குத்துவார். எல்லோரும் கை தட்டுவோம். அட்டை இழுப்பறைக்குள் போய்விடும். தொண்டருக்கு வேறு அட்டை கொடுப்பார்கள்.

எனக்கு இரண்டு ‘நிறைவு’ கிடைத்திருந்தது. இரண்டாமவர் ஒரு தையல்காரர். ஆறு வாரம் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தவர். முத்திரை குத்தி இருபது நாள் கழித்து எங்கள் கடைக்கே வந்து, ஒரு தாளை நீட்டி, “ரெண்டு பக்கமும் எடும்மா” என்றார். என் முகத்தைப் பார்த்தார். அடையாளம் தெரியவில்லை. எடுத்துக் கொடுத்தேன். மனிதர்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும். நான் அதைத் தவறாக நினைக்கவில்லை என்றுதான் அன்று நோட்டில் எழுதினேன்.

மூன்றாவது அட்டை கண்டக்டரம்மா. முப்பத்தொரு வருடம் நகரப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை. ஊரின் மறுகோடியில் ஒரே ஒரு தங்கை. டிசம்பரில் குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து, அறுவை செய்து, மூன்றாம் மாடிக்கு ஸ்ட்ரெச்சரில் ஏற்றிக் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். லிப்ட் கிடையாது. நாற்பத்திரண்டு படி.

முதல் நாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “என்னம்மா, கசங்கின டிக்கெட் மாதிரி இருக்கே. யாரு பாக்கெட்ல கெடந்தே?” என்று கேட்டார். அன்றிலிருந்து என் பெயர் டிக்கெட். ஒரு வாரத்தில் மாற்றுச் சாவி கொடுத்தார். அது அவருடைய பழைய விசிலோடு கோக்கப்பட்டிருந்தது. நடைப்பயிற்சிக்கு முன் நான் இரண்டு முறை ஊத வேண்டும். ஊதாவிட்டால் நகர மாட்டார்.

“ரெண்டு ஊதினாதான் வண்டி எடுக்கணும். ஒண்ணு ஊதினா நிறுத்தணும். யாரு, எவருன்னு பாக்க மாட்டேன். ரூல்ஸ்னா ரூல்ஸ்.”

என் வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். இதை ஒரு காரணமாகச் சொல்லவில்லை, எனக்கு இருந்த இடத்தின் அளவு தெரிவதற்காகச் சொல்கிறேன். அண்ணன் வீட்டில் இருக்கிறேன். என் பாய் பிரிட்ஜுக்கும் செருப்பு அலமாரிக்கும் நடுவில். அண்ணி கெட்டவரில்லை. நான் உள்ளே வந்தால் “வந்துட்டியா?” என்பார், கிளம்பினால் “கிளம்பிட்டியா?” என்பார். இரண்டையும் ஒரே குரலில் கேட்பார். நோட்டை விரித்து எழுத அங்கே இடமில்லை. கண்டக்டரம்மா வீட்டில் ஜன்னலோரம் ஒரு மேசை, அதற்கு ஒரு விளக்கு, உள்ளே கதவோடு ஒரு சின்ன அறை. உங்களிடம் ‘நன்று’ வாங்கிய பக்கங்கள் எல்லாம் அந்த மேசையில் எழுதியவை.

மார்ச் முதல் வாரம் அவர் படி இறங்கிப் பார்ப்பதாக இருந்தது. நான்காம் தேதிதான் அந்தத் தவறு நடந்தது. உண்மையில் தவறுதான். வாக்கரின் கால்களைத் துடைத்து, உயரம் சரிபார்த்து மாட்டுவது என் வேலை. குமிழை அமுக்கினால் கால் உள்ளே ஏறும், அடுத்த ஓட்டையில் வந்து நிற்கும். ஒரு ஓட்டைக்கும் அடுத்ததற்கும் ஒரு விரல் அகலம்கூட இருக்காது.

மறுநாள் அவர் எழுந்து நாலடி வைத்தார். நின்றார்.

“என்னமோ வண்டி ஒரு பக்கமா இழுக்குது, டிக்கெட்.”

நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது. “படியெல்லாம் அடுத்த வாரம் பாத்துக்கலாம். போய் ரெண்டு பேருக்கும் டீ போடு. இன்னிக்கு வகுப்புக்கு லேட்டாப் போ, உன் வாத்தியார் ஒண்ணும் கடிச்சிட மாட்டார்.”

டீ போட்டேன். அன்று வகுப்புக்குப் பத்து நிமிடம் தாமதமாக வந்தேன். அந்தப் பத்து நிமிடம் எனக்குப் பிடித்திருந்தது. அதற்கடுத்த நாள் சரிசெய்வது என்று முடிவு செய்தேன்.

அடுத்த நாளும் நினைவு இருந்தது. செய்யவில்லை. மார்ச் 5க்குப் பிறகு அதை மறதி என்று எழுத முடியாது. எழுதவும் இல்லை, அந்தப் பக்கங்களில் வானிலையைப் பற்றி எழுதியிருக்கிறேன்.

ஒரு வெள்ளி விட்டு ஒரு வெள்ளி காலையில் பிசியோக்காரர் வருவார். வியாழன் மாலை நான்காவது காலைச் சரியான ஓட்டைக்குக் கொண்டுவருவேன். வெள்ளி மாலை மறுபடி மாற்றுவேன். ஒருமுறைகூட மறக்கவில்லை. அவர் வரும் நாளில் கண்டக்டரம்மா கொஞ்சம் நன்றாக நடப்பார். “பாரேன், ஆம்பளையக் கண்டா மட்டும் காலு மரியாதையா நடக்குது” என்று என்னிடம் சிரிப்பார். பிசியோக்காரர், “எலும்பு நல்லாக் கூடிருச்சு. பயம்தான். உங்களுக்கு உங்க மேலயே நம்பிக்கை இல்ல” என்று சொல்லிவிட்டுப் போனாராம். அன்று மாலை முழுவதும் அவர் ஆறவில்லை.

“ஓடற வண்டியில ரெண்டு கையையும் விட்டுட்டு முப்பத்தொரு வருஷம் நின்னவ நான். எனக்கு நம்பிக்கை இல்லையாம்.”

கொஞ்ச நேரம் கழித்துத் தணிந்த குரலில், “இல்லையோ என்னமோ” என்றார்.

ஏன் சரிசெய்யவில்லை என்று நீங்கள் கேட்கலாம். ஏப்ரலில் நானே ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். சரிசெய்தால் அவர் ஒரே நாளில் நன்றாக நடப்பார். ஒரே நாளில் நன்றாக நடந்தால் நேற்றுவரை ஏன் முடியவில்லை என்று கேட்பார்கள். மெல்லச் சரிசெய்யலாமென்றால் பாதி ஓட்டை என்று ஒன்று கிடையாது. எந்தப் பக்கம் போனாலும் சுவர். ஒவ்வொரு நாளும் அந்தச் சுவர் ஒரு வரிசை உயர்ந்தது. அவருக்கு நாற்பத்திரண்டு படி இருந்தது. எனக்கு அதுகூட இல்லை.

மே மாதம் அவருடைய தங்கைக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு போய்விட்டது. தங்கை மகன் தினமும் மாலை போன் செய்வான். “பெரியம்மா, அம்மா காதுல வெச்சிருக்கேன், பேசுங்க” என்பான். இவர் பேசுவார். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்கும்.

“நான்தான் பேசறேன்னு அவளுக்குத் தெரியலையோ என்னமோ. போய்க் கையப் புடிச்சாத் தெரிஞ்சிடும். சின்னதுல என் கையப் புடிச்சிட்டேதான் தூங்குவா. ரெண்டு பஸ் மாறினாப் போதும். படி ஒண்ணுதான் தடை.”

இளையோர் அணியில் இரட்டையர் இருவர் இருக்கிறார்கள். வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் வேலை. செய்தி கேட்டு அவர்களே வந்தார்கள். “பீரோவையே நாலு மாடி இறக்கறோம். நாற்காலியில உக்காருங்கம்மா, பூ மாதிரி இறக்கிடறோம்” என்றார்கள்.

“பூவா? எழுபத்தெட்டுக் கிலோடா” என்று கண்டக்டரம்மா சிரித்தார். தங்கைக்குப் பக்கவாதம் வந்த பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை இறக்குவதாக ஏற்பாடு.

சங்கத்தின் தொண்டர் கையேட்டை எழுதியது நான். என் தமிழ் நன்றாக இருக்கிறது என்று தலைவர் அந்தப் பொறுப்பைக் கொடுத்திருந்தார். சனிக்கிழமை கடையில் ஒரு பக்கத்தை மட்டும் புதிதாக அச்செடுத்தேன். விதி ஏழு: உதவி பெறுவோரை நாற்காலியில் வைத்து மாடிப்படியில் இறக்கக் கூடாது. தலைவரிடம் நீட்டினேன். மாத்திரை எண்ணிக்கொண்டே, “நீ எழுதினாச் சரியாத்தான் இருக்கும்” என்று கையெழுத்துப் போட்டார். நல்ல விதிதான், ஐயா. படியில் நாற்காலி சரிந்தால் என்ன ஆகும்? இரட்டையர் அதைப் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்கள். கண்டக்டரம்மா கேட்டுவிட்டு, “ரூல்ஸ்னா ரூல்ஸ்” என்றார். விதிகளை மதிப்பவர்.

ஜூன் 13, வெள்ளி. காலையில் பிசியோக்காரர் வந்து, “இன்னிக்கு நல்லா நடக்கறீங்க. சாயங்காலமே படி இறங்கிப் பாருங்க” என்று சொல்லியிருக்கிறார். நான் ஐந்தரைக்குப் போனபோது அவர் புடவை மாற்றி, தலை வாரி, கண்டக்டர் காலத்துத் தோல்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தங்கை மகனிடமும் சொல்லிவிட்டாராம். குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். வழக்கம்போல் வாக்கரின் கால்களைத் துடைக்க எடுத்தேன். வியாழனன்று சரிசெய்த நான்காவது கால் ஐந்தாவது ஓட்டையில்தான் இருந்தது.

மூன்று விநாடி ஆகும். குமிழை அமுக்க வேண்டும், ஏற்ற வேண்டும், விட வேண்டும். ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். அவர் நிமிர்ந்து பார்த்தார். “ரெடியா, டிக்கெட்?”

இரண்டு முறை ஊதினேன்.

கதவைத் தாண்டினால் படியின் கைப்பிடிவரை பன்னிரண்டு அடி நடை. ஐந்தாவது அடியில் வாக்கர் ஆடியது. அவர் நின்றார். கைப்பிடியைப் பார்த்துக்கொண்டே வெகு நேரம் நின்றார். நான் ஒரு கை தூரத்தில்தான் இருந்தேன். எப்போதும் அப்படித்தான் நின்றேன். அவர் ஒருமுறைகூடக் கீழே விழுந்ததில்லை. தயவுசெய்து இதைக் கவனியுங்கள்.

“முடியலம்மா” என்றார். டிக்கெட் என்று சொல்லவில்லை. “அந்தாளு சொன்னது சரிதான். எனக்குத்தான் தைரியம் இல்ல. ஒத்த ஊது ஊதிடு.”

ஒருமுறை ஊதினேன். திரும்பினோம்.

தங்கை மறுநாள் காலை ஆறு மணிக்குப் போய்விட்டார். நான் போனபோது கண்டக்டரம்மா அதே புடவையில், பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஒரு மணி நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன். வேறு யார் இருந்தார்கள் அவருக்கு?

அதன் பிறகு அவர் எழுந்திருக்கக் கேட்கவில்லை. “இனிமே எங்க போகணும்? வண்டிய டிப்போல விட்டாச்சு” என்கிறார். கழிப்பறைக்குக்கூட நான் தாங்கினால்தான். செவ்வாய்க்கிழமை, “இங்கயே வந்து இருந்துடு. உள் ரூம் சும்மாத்தானே கெடக்கு” என்றார். புதனன்று என் பெட்டியைக் கொண்டுவந்தேன். அண்ணி, “கிளம்பிட்டியா?” என்றார். இப்போது எனக்குக் கதவோடு ஓர் அறை இருக்கிறது. மூடிக்கொண்டால் பத்து நிமிடத்தில் அவர் கூப்பிடுவார். இரவில் ஐந்தாறு முறை கூப்பிடுகிறார். ஜெராக்ஸ் கடையில் நின்றுகொண்டே தூங்கிவிடுகிறேன். வகுப்புக்கு இனி வர முடியுமா என்று தெரியவில்லை. மஞ்சள் அட்டை பலகையில்தான் இருக்கிறது. அது இழுப்பறைக்குப் போகாது.

சுருக்கமாக எழுதுகிறேன். மார்ச் 5 முதல் ஜூன் 14 வரை நூற்றிரண்டு நாள், பிசியோக்காரரின் எட்டு வெள்ளிக்கிழமைகள் நீங்கலாக, நடக்கக்கூடிய ஒருவரை நடக்க முடியாதவர் என்று நான் நம்பவைத்தேன். அவர் தங்கையின் கையைப் பிடிக்காமல் போனதற்குக் காரணம் நான். அவர் தன்னையே குறை சொல்லிக்கொள்கிறார். நான் மறுத்துப் பேசவில்லை.

ஆனால் ஜூன் 15 அன்று நான்காவது காலை ஐந்தாவது ஓட்டைக்கு மாற்றிவிட்டேன். இப்போது நான்கும் ஒரே அளவு. தரையில் வைத்து இரண்டு முறை சரிபார்த்தேன், ஆடவில்லை. ஆகவே, ஐயா, தவறைத் திருத்திவிட்டேன். ஒற்றும் போட்டிருக்கிறேன்.

நாளை, ஞாயிறு, காலை பத்து மணி, சங்கக் கட்டடம்: புதிய தொண்டர்கள் ஆறு பேருக்கு வாக்கரின் உயரத்தைச் சரியாக வைப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். செய்து காட்டக் கண்டக்டரம்மாவின் வாக்கரை எடுத்துப்போக வேண்டும். அவருக்கு அது தேவைப்படாது.