மூக்கைச் சுருக்கினால் போதாது

அவைத் தலைமையேற்றிருக்கும் ஊர்மன்றத் தலைவி டோர்காஸ் அம்மையார் அவர்களே, திமிங்கில வேட்டைக்குப் படகு செலுத்தும் தலைவர்களே, படகுக்குத் தோல் தைத்துத் தோள் கொடுக்கும் தாய்மார்களே, கூடைப்பந்தை ஓரங்கட்டி இந்தக் கூடத்தை எமக்களித்த இளைஞர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் எண்ணெய்த் திட்டக்குழு அதிகாரி அவர்களே, அனைவருக்கும் எனோக்கின் அண்ணன் சைலஸின் வணக்கம்.

நம் வடதுருவக் கடலடியில் எண்ணெய் இருக்கிறது, எரிவாயு இருக்கிறது, எங்கே துளையிடுவது, எப்போது துளையிடுவது என்று திட்டம் தீட்டிக்கொண்டு இதே கூடத்துக்கு இவர்கள் முன்பும் வந்தார்கள். வண்ண வரைபடம் விரித்தார்கள். திமிங்கிலம் வரும் வழியின் மேலேயே கட்டம் போட்டார்கள். ஊருக்குச் சம்மதமா என்று கேட்டார்கள்.

நாம் என்ன செய்தோம்? மூக்கைச் சுருக்கினோம். புருவம் உயர்ந்தால் ஆம், மூக்கு சுருங்கினால் இல்லை. தொட்டில் குழந்தைக்கும் தெரிந்த பேச்சு நமக்கு. கூடம் நிறைய மூக்குகள் சுருங்கின. இதைவிடக் கடுமையாக எப்படி மறுப்பது? மறுத்துவிட்டோம் என்ற மகிழ்ச்சியில் வீட்டுக்குப் போய் மீன் தின்றோம். அவர்களோ, ஒருவரும் வாய் திறக்கவில்லை, ஊருக்குச் சம்மதம் என்று திட்டத்தை முடித்துவிட்டார்கள்.

என்ன அக்கா? "மூக்கு சுருங்குறதுகூடவா தெரியாது அந்தாளுக்கு?" என்கிறீர்களா? தெரியவில்லை அக்கா. ஏதோ நாறுகிறது என்று நினைத்து ஜன்னலைத் திறக்கச் சொன்னார்.

சிரித்தது போதும். இலையுதிர் காலத்தில் கப்பல் வந்தது. எண்ணெய் தேடிக் கடலுக்குள் ஓயாமல் வெடியோசை எழுப்பியது. ஓசை கேட்ட திமிங்கிலங்கள் ஒதுங்கின. ஒதுங்கிய உணவைத் தேடி என் தம்பி எனோக் போனான். எவரும் போகாத தொலைவு போனான். பிடித்தும்விட்டான். கட்டி இழுத்து வரும் வழியில் கடல் கொந்தளித்தது. ரேடியோவில் கத்தினேன்.

"டேய், கயித்த வெட்டிட்டு வாடா."

"வெட்டிட்டு வந்து அம்மா மூஞ்சில எப்படிண்ணே முழிக்கிறது? குளிர் முழுக்க ஊரு என்னத்தத் திங்கும்? நீ அடுப்பப் பத்தவைக்கச் சொல்லு, வந்துடுறேன்."

வரவில்லை. அவனும் வரவில்லை, படகும் வரவில்லை. விடிய விடிய அடுப்பு மட்டும் எரிந்தது. நியாயம் கேட்டுப் போனேன். அப்போதே மறுத்திருக்கலாமே என்றார்கள். மறுத்தோமே என்று நான் யாரிடம் சொல்லி அழுவது?

இன்று புதிய திட்டம் வந்திருக்கிறது. கட்டம் இன்னும் பெரிது. இம்முறை உங்கள் முகத்தை நம்பாதீர்கள், உங்கள் குரலை நம்புங்கள். பேச விட்ட தலைவிக்கும் பொறுமையோடு கேட்ட உங்களுக்கும் நன்றி கூறி, வணங்கி அமர்கிறேன். அதிகாரி அவர்களே, இனி உங்கள் கேள்வியைக் கேளுங்கள்.

அவரு கேட்டுட்டாரு. அம்மா, உன்னத்தான் பாக்குறேன். மூக்கச் சுருக்குற. எனக்குப் புரியுது, அவருக்குப் புரியாது. எந்திரிச்சு நில்லும்மா. வாயத் திறந்து சொல்லு.