கடைசி வரிசை நாற்காலி

அக்கா: கையில இருக்கிற நாற்காலியை முதல்ல கீழே வை.

தம்பி: சர்ச் கொயர்ல பாடறவங்க எல்லாரும் வீட்டுக்குப் போயாச்சு. நாம மடிச்சு வைக்க வேண்டாமா?

அக்கா: அப்புறம் மடிக்கலாம். உன்கிட்ட ஒரு விஷயம்...

தம்பி: இப்படி இழுத்தாலே நல்லதுக்கில்ல. சின்ன வயசுல என் பம்பரத்தைத் தொலைச்சப்பவும் இப்படித்தான் ஆரம்பிச்சே.

அக்கா: அதை இன்னுமா ஞாபகம் வச்சிருக்கே? சொல்றதைக் கேளு. போன ஞாயிறு உங்க அத்தான் பிரசங்கம் கேட்டியா?

தம்பி: கேக்காம? அவங்கவங்களுக்குக் கடவுள் கொடுத்த தாலந்து, திறமை எதுவோ, அதை வச்சு ஊழியம் செய்யணும்னார். எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு.

அக்கா: உனக்கு என்ன தாலந்துன்னு யோசிச்சியா?

தம்பி: ஓ, யோசிச்சேனே. பாட்டுதான்.

அக்கா: பாட்டுன்னா சொன்னே?

தம்பி: பின்ன? கொயர்ல கடைசி வரிசை, ஓரத்து நாற்காலி. ஒரு வாரம் தவறியிருக்கேனா?

அக்கா: தவறினதே இல்ல. அதான்...

தம்பி: அதான்?

அக்கா: அதான் சந்தோஷம்னு சொல்ல வந்தேன்.

தம்பி: பொய் சொன்னா உன் மூக்கு விடைக்கும்க்கா. பாஸ்டருக்கு வாழ்க்கைப்பட்டும் அது மாறல.

அக்கா: சரி, நேராவே சொல்லிடறேன். வர்ற ஞாயிறுல இருந்து நீ வாசல்ல நில்லு.

தம்பி: வாசல்லயா? எதுக்கு, குடை வாங்கி வைக்கவா?

அக்கா: வர்றவங்களை உட்கார வைக்க. நம்ம ஆளுங்க பெஞ்சுல வழியோரமா உட்கார்ந்தாங்கன்னா பசை தடவின மாதிரி ஒட்டிக்குவாங்க. உள்ளே நாலு பேர் இடம் காலியா கிடக்கும், நகர மாட்டாங்க. போன வாரம் கைக்குழந்தையோட ஒரு பொண்ணு வந்து, நின்னு பார்த்துட்டு, அப்படியே திரும்பிப் போயிடுச்சு.

தம்பி: போயிடுச்சா? எந்தப் பெஞ்சு?

அக்கா: இடது பக்கம் மூணாவது. தையல்காரம்மா உட்காருவாங்களே...

தம்பி: அந்தம்மாவா? அவங்களைத் தள்ளுங்கன்னு சொல்லவே கூடாது. சொன்னா இன்னும் அகலமா உட்காருவாங்க. அந்தப் பக்கம் ஃபேன் காத்து நல்லா வருதும்மான்னு சொல்லிக்கிட்டே அவங்க பையை எடுத்து உள்ளே வைக்கணும். பை போனா ஆள் பின்னாடியே போகும்.

அக்கா: பாத்தியா.

தம்பி: என்னத்தைப் பார்க்க?

அக்கா: இத்தனை வருஷம் பஸ்ல கண்டக்டர். நின்ன இடத்துலயே நிக்கிறவங்களை மனசு நோகாம நகர்த்துறே. இதாண்டா உன் தாலந்து.

தம்பி: போக்கா. ஆறு நாள் உள்ளே போங்க, உள்ளே போங்கன்னு கத்தித் தொண்டை கிழியுது. ஏழாவது நாளும் அதேவா? அந்த நாற்காலியில உட்கார்ந்தாத்தான் யாரும் என்கிட்ட சில்லறை கேக்கறதில்ல. அதையும் பிடுங்காதே.

அக்கா: டேய்...

தம்பி: விளையாட்டில்லக்கா. எனக்கு இருக்கிறது அது ஒண்ணுதான்.

அக்கா: புரியுது. ஆனா கொயர்ல ரெண்டு பேர் விலகிடுவோம்கிறாங்க. யாரோ அபஸ்வரமா பாடறாங்களாம். ஆம்பளைக் குரலாம்.

தம்பி: அது நானில்ல.

அக்கா: எப்படி அவ்வளவு நிச்சயமா சொல்றே?

தம்பி: நான்தான் பாடறதே இல்லையே. ஒரு வருஷமா வாயை மட்டும்தான் அசைக்கிறேன். முதல் நாள் நான் பாடினப்ப முன்னாடி நின்னு தாளத்துக்குக் கையாட்டிக்கிட்டிருந்த உன் முகம் பல்வலி வந்த மாதிரி போச்சு. அன்னைக்கே நிறுத்திட்டேன்.

அக்கா: தெரியும்.

தம்பி: தெரியுமா?

அக்கா: பொம்பளைங்க மட்டும் பாடற வரிக்கும் நீ வாயை அசைக்கிறேடா. சிரிப்பை அடக்க நான் படற பாடு எனக்குத்தான் தெரியும்.

தம்பி: அடிப்பாவி. அப்ப என்னை எதுக்கு வாசலுக்குத் துரத்தறே?

அக்கா: துரத்தல. போகும்போது கூடவே ஒருத்தரை இழுத்துட்டுப் போகணும்.

தம்பி: யாரை?

அக்கா: சட்டையில மைக் மாட்டியிருக்கிறவரை.

தம்பி: அத்தானையா?

அக்கா: மெதுவா பேசு. பக்கத்து ரூம்லதான் இருக்கார். மனுஷன் பிரசங்கம் பண்ணினா கல்லும் கரையும். பாடினா... கொயர் ஒரு பக்கம் போகும், அவர் ஒரு பக்கம் போவார். மைக் வேற.

தம்பி: நீயே சொல்லிடலாமே.

அக்கா: எந்த வாயால சொல்ல? கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு நாள் எனக்குப் பாடிக் காட்டினார். ஆசையா பாடறாரேன்னு, குரல் ரொம்ப நல்லாயிருக்குன்னு சொல்லித் தொலைச்சேன். அன்னைக்கு ஆரம்பிச்சவர்தான். இப்ப மாத்திச் சொன்னா ஒடிஞ்சு போயிடுவார்.

தம்பி: ம்... பாட்டு நேரத்துல பாஸ்டரே வாசல்ல நின்னு, வர்றவங்க கையைப் பிடிச்சு உள்ளே கூட்டிட்டு வந்தா...

அக்கா: எவ்வளவு அழகா இருக்கும்.

தம்பி: அங்கே மைக்குக்கும் வேலையில்ல.

அக்கா: அதேதான். தையல்காரம்மாவையே நகர்த்தறவன், இவரை நகர்த்த மாட்டியா?

தம்பி: அப்ப என் நாற்காலி?

அக்கா: எல்லாரையும் உட்கார வச்சிட்டு ஓடி வந்துடு. அது உனக்குத்தான், யாரையும் உட்கார விட மாட்டேன். ஆசை தீர வாயை அசைச்சுக்கோ. பொம்பளைங்க வரிக்கு மட்டும் வேண்டாம்.

தம்பி: பேச்சு மாற மாட்டியே?

அக்கா: மாட்டேன். ஆனா நான் சொன்னதா அவருக்கு மூச்சு விடக் கூடாது.

தம்பி: அதுலதான் ஒரு சிக்கல்க்கா...

அக்கா: என்னடா சிக்கல்?

தம்பி: முந்தாநாள் அத்தான் என் பஸ்ல வந்தார். பக்கத்துல யாருமில்லாத நேரமா பார்த்துச் சொன்னார்: "மச்சான், பாட்டு நேரத்துல என்னை எங்கேயாவது இழுத்துட்டுப் போயிடு. எனக்குப் பாட வராதுன்னு எனக்கே தெரியும். உங்க அக்காவுக்கு என் குரல்னா உசிரு, அவ மனசு நோகுமேன்னுதான் இத்தனை வருஷமா பாடறேன்... நான் சொன்னதா அவகிட்ட மூச்சு விடாதே."