ஏழாம் வகுப்புப் பாலங்கள்

"ஹலோ... ஆமா, நான்தான்... ஆமா, ஆமா, பாத்தேன் டீச்சர். நீங்க மூணு தடவை கூப்பிட்டிருக்கீங்க. துணி காயப்போட்டுட்டு இருக்கேன், கையெல்லாம் ஈரம்... சேச்சே, வேணும்னு எடுக்காம இருக்கல. வேணும்னு எடுக்கலன்னா அதையும் உங்ககிட்ட நேராவே சொல்லிடுவேன்... பரவாயில்ல, சொல்லுங்க."

போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு அவள் ஒரு சட்டையை உதறினாள். சனிக்கிழமை காலை. பால்கனிக் கொடி பாதிதான் நிறைந்திருந்தது. அழைப்பு எதற்கு என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். வெள்ளிக்கிழமை தவறாமல் ஏழாம் வகுப்புப் பெற்றோர் குழுவுக்கு டீச்சர் ஒரு செய்தி அனுப்புவார். இந்த வாரம் என்ன நடத்தினோம், அடுத்த வாரம் என்ன கொண்டுவர வேண்டும் என்று எல்லாம் இருக்கும். நேற்று வந்ததில் பிள்ளைகள் செய்த பாலங்களின் படங்களும் இருந்தன. முதல் பரிசு வாங்கிய பாலத்தின் படம் மட்டும் கொஞ்சம் பெரிதாக இருந்தது. குழுவில் எல்லோரும் கைதட்டும் பொம்மையாக அனுப்பித் தள்ளிக்கொண்டிருந்தபோது இவள் ஒரே ஒரு வரி எழுதினாள்: 'பாலம் கட்டிய எல்லா அப்பாக்களுக்கும் வாழ்த்துகள்.' அதற்கப்புறம் அந்தக் குழுவில் ஈ காக்கா இல்லை.

"அழிக்கணுமா? எதுக்கு?... ஆமா, நான்தான் எழுதினேன், என் பேர்லதானே வந்திருக்கு... இல்ல டீச்சர், அதுல கெட்ட வார்த்தை எதுவும் இல்லையே. வாழ்த்துதானே சொன்னேன்... மனசு புண்பட்டுச்சா? யாருக்கு?... சரி... சரி... எத்தனை அப்பா போன் பண்ணாங்க?... அடேங்கப்பா. பிள்ளைங்க யாராவது பண்ணாங்களா?... பண்ணலல்ல? அப்போ பாலம் யாருதுன்னு அதுலயே தெரியலையா உங்களுக்கு?"

மறுமுனையில் டீச்சர் மூச்சு வாங்கிக்கொண்டு நிறையப் பேசினார். இவள் அந்த இடைவெளியில் இரண்டு தலையணை உறைகளைக் காயப்போட்டு முடித்தாள்.

"ம்... ம்... ஆமா, 'பெற்றோரின் சிறு உதவியுடன்'னு போட்டிருந்தீங்க. படிச்சேன். சிறு உதவின்னா என்ன டீச்சர்? கத்தரிக்கோல் எங்க இருக்குன்னு சொல்றது. ஒட்டினது காயறவரைக்கும் ஒரு பக்கம் பிடிச்சுக்கிறது. தொங்கு பாலத்துக்கு லைட் போட்டு, அதுக்கு ஸ்விட்ச் வச்சு, அடியில பேட்டரிக்கு மூடி போட்டிருக்காங்க. இது சிறு உதவியா?... பொறாமையா? எனக்கா?... டீச்சர், நான் ஏழாவது ஒரு தடவை படிச்சுப் பாஸ் பண்ணிட்டேன். மறுபடியும் முதல்ல இருந்து படிக்கிற ஐடியா எனக்கு இல்ல. உங்க குழுவுல நிறைய பேருக்கு இருக்கு போல."

"இல்ல, நீங்க சொல்லுங்க, நான் குறுக்க பேசல... ம்... 'முடியாதவங்க பேசுற பேச்சு'ன்னு சொன்னாரா? யாரு, முதல் பரிசு அப்பாவா?... அப்படியா சொன்னாரு. சரி. டீச்சர், ஒரு கேள்வி. நான் என்ன வேலை பாக்குறேன்னு உங்களுக்குத் தெரியுமா?... ஆபீஸ் இல்ல. ஆபீஸ் மாதிரி ஒரு இடம்தான், ஆனா நாங்க உக்காந்து எழுதுறதில்ல. ஃபிளாட் கட்டுறவங்க, கட்டுறதுக்கு முன்னாடியே ஷோரூம்ல அதைக் குட்டியா செஞ்சு கண்ணாடிப் பெட்டியில வச்சிருப்பாங்க, பாத்திருக்கீங்களா? குட்டி மரம், குட்டி கார், நீச்சல் குளம் எல்லாம் இருக்கும்... ஆங், அதேதான். அதைச் செய்யுறவ நான். மாடல் செய்யுறதுதான் எனக்குச் சோறு போடுது."

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் பசைக்கா. காரணம் கேட்கவே வேண்டாம், விரல் நுனிகளைப் பார்த்தால் போதும். ஒரு அடுக்குமாடியை ஒரு மேசைக்குள் அடக்கிவிடுகிற அந்தக் கைகளை வைத்துக்கொண்டு, மகளின் பள்ளி வேலை எதையும் இன்றுவரை அவள் தொட்டதில்லை. மகள் தரையில் உட்கார்ந்து வெட்டி ஒட்டும்போதெல்லாம் இவள் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவாள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவளால் ஆகாது, கை துறுதுறுக்கும்.

"ஆமா டீச்சர். எனக்கு மட்டும் முடியாதா என்ன? நான் செஞ்சிருந்தா உங்க ஸ்கூல் வாசல்ல வைக்கிற மாதிரி செஞ்சிருப்பேன். செய்யல. ஏன்னா மார்க்கு எனக்கு இல்ல, அவளுக்கு... ம்... அதுதான் சொல்ல வரேன், கேளுங்க. நீங்க இப்ப எங்க இருக்கீங்க? ஸ்கூல்லயா?... நல்லதாப் போச்சு. பாலமெல்லாம் அங்கதான் இருக்கா?... அந்த முதல் பரிசு பாலத்தை எடுங்க... எடுங்களேன், ஒண்ணும் ஆகாது. கையில பிடிச்சுத் தலைகீழாத் திருப்புங்க... உடையாது டீச்சர். உடையாதுன்னு எனக்குத் தெரியும்."

அவள் துணியை வாளியில் போட்டுவிட்டு, கையைப் பாவாடையில் துடைத்து, போனை ஒழுங்காகப் பிடித்துக்கொண்டாள்.

"திருப்பிட்டீங்களா? பேட்டரி மூடிக்குப் பக்கத்துல அட்டை ஒட்டியிருக்கா? வழவழன்னு கலர் அட்டை... அதுல பாதி எழுத்து தெரியும். வாசிங்க... ஆங். 'மூன்று படுக்கையறை'. அடுத்தது?... 'கார் நிறுத்துமிடம்'. அது போன மாசம் நாங்க ஷோரூமுக்கு அடிச்ச விளம்பர அட்டை டீச்சர். மிச்சத்தை வீணாக்காம அடியில ஒட்டுறது என் பழக்கம்... ஆமா... ஆமா, நான்தான் செஞ்சேன்."

 மறுமுனையில் பாலத்தை மேசையில் வைக்கிற சத்தம் கேட்டது.

"இருக்கீங்களா?... தெரியாது. சத்தியமா எனக்குத் தெரியாது. முதலாளி வந்தாரு, 'பில்டர் ஒரு சின்னப் பாலம் கேக்குறாரு, அவசரம், லைட்டோட வேணும்'னாரு. ஷோரூமுக்குன்னு நினைச்சேன். தோட்டத்துல வைக்கிற குட்டிப் பாலம்னு நினைச்சு விளக்குக் கம்பமெல்லாம் வரிசையா நட்டேன். அந்த பில்டரோட பையன் என் பொண்ணு வகுப்புலயே படிக்கிறான்னு நான் கண்டேனா? நேத்து உங்க படத்துல பாக்குறேன், என் பாலம், பையன் பேரு, முதல் பரிசு. என் பொண்ணை நானே தோக்கடிச்சிருக்கேன் டீச்சர். இந்தக் கூத்து எங்கயாவது நடக்குமா?"

"இல்ல... சிரிக்கல நான்... அவளுக்கும் தெரியும். போன வாரம் சாயங்காலம் ஆபீசுக்கு வந்தா, என் மேசையில அந்தப் பாலத்தைப் பாத்தா. நேத்து படத்தைக் காட்டி, 'அம்மா, இது நீ செஞ்சதுதானே'ன்னா. நான் என்ன சொல்ல?... 'ஊர்ப் பிள்ளைக்கெல்லாம் செஞ்சு குடுப்ப, எனக்குச் செய்ய மாட்ட'ன்னா. அவ்வளவுதான். கதவைச் சாத்திக்கிட்டா. அடுத்த புதன்கிழமை தண்ணி வடிகட்டி கொண்டுவரச் சொல்லியிருக்கீங்கல்ல? அதை நானே செஞ்சு குடுக்கணுமாம். இல்லன்னா அன்னைக்கு ஸ்கூலுக்கே வரமாட்டாளாம். இனிமே தன் கையால எதுவும் செய்யமாட்டேன்னு சொல்லிட்டா. எனக்கு வயிறு எரியுது டீச்சர். அந்த எரிச்சல்ல எழுதினதுதான் அந்த ஒரு வரி. அதைப் போய் அழிங்கன்னா எப்படி அழிப்பேன்?"

காதுக்குள் டுக் டுக்கென்று இன்னொரு அழைப்பு வந்தது. திரையைப் பார்த்தாள். முதலாளி. சனிக்கிழமை காலையில் முதலாளி கூப்பிடுகிறார் என்றால் அந்த வரியை எழுதியது யார் என்று விசாரித்து, பில்டர் அதற்கு முன்பே அவரைக் கூப்பிட்டிருக்கிறார் என்று அர்த்தம். அவள் திரையை ஒரு நொடி முறைத்துப் பார்த்துவிட்டு மறுபடி காதில் வைத்தாள்.

"ஒண்ணுமில்ல, முதலாளி கூப்பிடுறாரு. அடிக்கட்டும், அப்புறம் பேசிக்கிறேன்... தெரியும் டீச்சர், வேலைக்கு ஆபத்துன்னு எனக்கும் தெரியும். அந்த பில்டர் நிறைய வேலை குடுக்குறவரு, எங்க முதலாளி அவரைப் பாத்தாலே எழுந்து நிப்பாரு. அதுக்காக? பொய் சொன்னது நானா? அவர்கிட்டயும் உங்ககிட்ட சொன்னதையேதான் சொல்லுவேன்... இல்ல இல்ல இல்ல, அந்தப் பையனை ஒண்ணும் சொல்லாதீங்க. அவனைக் கூப்பிட்டு எல்லார் முன்னாடியும் நிக்க வச்சிடாதீங்க, சொல்லிட்டேன். அவன் என்ன பண்ணுவான், அப்பா குடுத்தாரு, தூக்கிட்டு வந்தான். அவனுக்கும் ஒட்டிப் பாக்கணும்னு ஆசை இருந்திருக்கும். யாரு விட்டா?"

"எனக்கு என்ன வேணுமா? வடிகட்டியை வகுப்புலயே செய்ய வைங்க. மணல், கரி, பஞ்சு, பாட்டில், அவ்வளவுதானே? வீட்டுல இருந்து பிள்ளை மட்டும் வரட்டும். அப்படித்தான்னு இன்னைக்கே குழுவுல எழுதுங்க... எழுத முடியாதா?... ஹெட்மிஸ்ட்ரஸ் மேடம் ஒத்துக்க மாட்டாங்களா? நான் வந்து மேடம்கிட்ட பேசட்டா?... சரி, வரல, பயப்படாதீங்க... ம்... என்னது?... திரும்பச் சொல்லுங்க."

அவள் முகம் மாறிவிட்டது. இதுவரை குரலில் இருந்த கேலி போன இடம் தெரியவில்லை.

"என் பொண்ணுக்கும் முதல் பரிசா? ரெண்டு பேருக்கும் சேர்த்து?... அதாவது, குடுத்துட்டா நான் அந்த வரியை அழிச்சிடணும். அப்படித்தானே?... அப்படி இல்லன்னா எப்படி?... வேண்டாம் டீச்சர். வேண்டவே வேண்டாம். என் வாயை அடைக்கிறதுக்கு என் பொண்ணுக்குப் பரிசு குடுக்காதீங்க. அவ பாலம் முதல் பரிசுக்கு லாயக்கில்ல. எனக்குத் தெரியாதா, என் தொழிலே அதுதான். நேத்து உங்க படத்துல பாத்தேன், ஓரமா பாதிதான் தெரியுது, அதுலயே தெரியுது கோணல்னு. ஒரு பக்கத்துக் கால் குட்டையாப் போச்சு. அளவைத் தப்பா எடுத்து வெட்டியிருக்கா. இருக்கட்டும். கோணல்னாலும் அது அவ கோணல். கோணலுக்கு என்ன மார்க்கோ அதை மட்டும் போடுங்க. ஒண்ணு கூடவும் வேண்டாம், ஒண்ணு குறையவும்..."

அவள் பேச்சு நின்றது. பால்கனிக் கதவருகே மகள் நின்றுகொண்டிருந்தாள். கலைந்த தலை, நேற்றைய சட்டை. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ, கோணல் என்ற சொல் அவள் காதில் விழுந்துவிட்டது என்பது மட்டும் அந்த மூக்கைப் பார்த்தாலே தெரிந்தது. கோபம் வந்தால் அவளுக்கு மூக்கு சிவந்துவிடும்.

"ஒரு நிமிஷம் டீச்சர்... இல்லடா கண்ணு, உன்னைக் குறை சொல்லல. பரிசு குடுக்கிறேன்னு... என்ன?... என்ன இல்ல?... கோணல் இல்லையா? அந்தக் கால் குட்டையா இருக்கே, நானே பாத்தேனே... நீயே வேணும்னு வெட்டினியா? எதுக்கு?... இரு, போன்ல டீச்சர் இருக்காங்க, இரு, பிடுங்காத..."

போன் கை மாறிவிட்டது. மகள் அம்மாவுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு பேசினாள்.

"ஹலோ மிஸ்... ஆமா மிஸ், நான்தான்... என் பாலம் கோணல் இல்ல மிஸ்... இல்ல, தப்பா வெட்டல. நான்தான் அந்தப் பக்கத்துக் காலைக் குட்டையா வெட்டினேன். ஒரு கரை உசரமா இருந்தா கால் குட்டையாத்தானே இருக்கணும்?... நம்ம ஸ்கூலுக்குப் பின்னாடி வாய்க்கால் போகுதுல்ல, அதுக்குத்தான் செஞ்சேன். அங்க இந்தப் பக்கத்துக் கரை தணிவு, அந்தப் பக்கம் உசரம்... கயிறு கட்டி அளந்தேன் மிஸ்... வாட்ச்மேன் அண்ணாதான் அந்தப் பக்கம் பிடிச்சுக்கிட்டாங்க... நீங்க ஸ்டாஃப் ரூம் ஜன்னல்ல இருந்து பாருங்க. என் பாலம் எங்க மிஸ் இருக்கு?... பீரோ மேலயா? அதை எடுத்து ஜன்னல்கிட்ட பிடிச்சுப் பாருங்க... ம்... ம்... தெரியுதா?... ஆமா... அந்தச் சரிவுதான்... மத்தவங்க பாலம் எதுவும் அங்க நிக்காது மிஸ், எல்லாம் ரெண்டு பக்கமும் ஒரே உசரம்."

அம்மா பிழியாத துண்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் அவள் பாதத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. இத்தனை வருடம் எத்தனையோ நிலத்தின் மேடு பள்ளத்தை மேசையில் இறக்கியவள், வீட்டுத் தரையில் மகள் வெட்டிய ஒரு சரிவைக் கோணல் என்று முடிவுகட்டிவிட்டாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"வடிகட்டியா?... செய்வேன் மிஸ்... நான்தான் செய்வேன். அம்மாவைத் தொட விடமாட்டேன்... இல்ல, நேத்து கோபத்துல சொன்னேன்... அம்மாவா? இல்ல மிஸ், வாய்க்கால் ஐடியா அம்மா குடுக்கல. அம்மாவுக்குத் தெரியவே தெரியாது... நான் செய்யும்போது அவங்க எழுந்து போயிடுவாங்க மிஸ். எதுக்கு இப்படிச் செய்யுறேன்னு என்கிட்ட ஒரு தடவைகூடக் கேட்டதில்ல... ம்... சரி மிஸ்... இனிமே அம்மாகிட்டயும் சொல்றேன்... வைக்கிறேன்."

அவள் போனை அணைத்து, அம்மாவின் ஈரக் கையில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.