யோசிச்சுச் சொல்றேன்

ரோவீனா: உக்காருங்க, கொறடா சார். நாற்காலி காலியாத்தான் இருக்கு.

க்ளிஃப்டன்: நாற்காலியா? மேஜையே காலியால்ல இருக்கு!

ரோவீனா: ஜனவரியில பதவியேத்ததுலேருந்து இந்த கேன்டீன்ல என் மேஜை அப்படித்தான். பீன்ஸ் சூப் சொல்லட்டுமா?

க்ளிஃப்டன்: சூப் கிடக்கட்டும்மா. இப்ப மணி அடிச்சா சபையில ஓட்டு. சாலை மசோதாவுக்கு ஆதரவான்னு கேட்டா, "யோசிச்சுச் சொல்றேன்"னு சொல்லி அனுப்பியிருக்கீங்களாமே? புது உறுப்பினருக்கு வந்த துணிச்சலைப் பாரு!

ரோவீனா: யோசிக்கத்தான் செய்றேன்...

க்ளிஃப்டன்: இது நம்ம தலைவர் கொண்டாந்த மசோதா. சொந்தக் கட்சியிலேயே நாலு பேர் கைவிட்டா கவுந்துடும்.

ரோவீனா: தலைவரா... பதவியேத்த அன்னிக்குத் தோள்ல கை போட்டு போட்டோ எடுத்தார். போன வாரம் லிஃப்ட்ல பார்த்து, "நீங்க எந்த மாநிலம்?"கறார். அயோவான்னேன். "உங்க ஊர் உருளைக்கிழங்கு பிரமாதம்"னார். எங்க ஊர்ல சோளத்தையும் பன்னியையும் விட்டா என்ன இருக்கு?

க்ளிஃப்டன்: ஹா... என்னையே சில நாள் வேற பேர்லதான் கூப்பிடுவார், விடுங்க. உங்களுக்கு என்னதான் வேணும்? ஆத்துப் பாலமா? அடுத்த மசோதாவுல சேத்துடறேன்.

ரோவீனா: பாலம் நல்லாத்தான் இருக்கு.

க்ளிஃப்டன்: விவசாயக் கமிட்டியில இடம்?

ரோவீனா: அதான் ஏற்கெனவே குடுத்துட்டீங்களே! கடைசி வரிசை, தூணுக்குப் பின்னாடி.

க்ளிஃப்டன்: அட கடவுளே! பெரிய ஆபீஸ்? அஞ்சாவது மாடிப் பரண்லதானே போட்டிருக்காங்க உங்களை?

ரோவீனா: ராத்திரியும் அதே பரண்லதான், சோபாவுல படுத்துக்கறேன். பழகிடுச்சு... ரொட்டி எடுத்துக்குங்க.

க்ளிஃப்டன்: வீட்டுக்காரர் வர்றதில்லையா?

ரோவீனா: பன்னிக் கொட்டகையை யார் பாக்கறது? போன்ல ரெண்டு வார்த்தை பேசறதுக்குள்ள தூங்கிடுவார்... உங்க போன் அடிக்குது.

க்ளிஃப்டன்: அடிக்கட்டும்.

ரோவீனா: தலைவர் ஆபீஸ்னு வருதே!

க்ளிஃப்டன்: வரட்டும்ங்கறேன். வெண்ணெய் இல்லையா இங்க?

ரோவீனா: இந்தாங்க... உங்க வீட்டுல?

க்ளிஃப்டன்: அவ போய் ரெண்டு வருஷம் ஆச்சு. டப்பாவைத் திறந்தா சமையல் முடிஞ்சுது.

ரோவீனா: ஐயோ... எனக்குத் தெரியாதே.

க்ளிஃப்டன்: உங்களுக்கு எப்படித் தெரியும்? நாளெல்லாம் நூறு பேர்கிட்ட பேசறேன். எல்லாம் "ஓட்டு உண்டா இல்லையா"தான்... சரி, மசோதாவுக்கு வாங்க.

ரோவீனா: திரும்பவும் போன்...

க்ளிஃப்டன்: விடுங்கம்மா அதை!

ரோவீனா: ஐயய்யோ, மணியும் அடிச்சுடுச்சு!

க்ளிஃப்டன்: அடிச்சா என்ன, கால் மணி நேரம் இருக்கு. கடைசியா கேக்கறேன். ஆதரவா, எதிர்ப்பா?

ரோவீனா: சொன்னா திட்டுவீங்க... ஆதரவுதான். திங்கக்கிழமையே முடிவு பண்ணிட்டேன்.

க்ளிஃப்டன்: என்னது! அப்புறம் எதுக்கு இந்தக் கூத்து?

ரோவீனா: போன தடவையெல்லாம் கேட்ட உடனே ஆதரவுன்னேன். "சரி"ன்னு அடுத்த ரூமுக்குப் போயிட்டாங்க. யோசிக்கிறேன்னு சொன்னவங்ககூடத்தான் உக்காந்து பேசினாங்க, சாப்பிட்டாங்க. எனக்கும்... ஒரு வேளையாவது எதிர்ல ஒரு ஆள் இருந்தா தேவலைன்னு இருந்துச்சு. மன்னிச்சுக்குங்க, உங்க நேரத்தை வீணடிச்சுட்டேன். இன்னும் எத்தனை ஓட்டு குறையுது?

க்ளிஃப்டன்: ஒண்ணும் குறையலைம்மா. வேண்டியது காலையிலேயே சேர்ந்துடுச்சு. "அந்தம்மா ஓட்டு வேண்டாம், கிளம்பி வா"ன்னு சொல்லத்தான் போன் அடிச்சுக்கிட்டே இருக்கு... அந்த சூப்பைச் சொல்லுங்க.