புத்தாண்டின் முதல் காலடி

தியெப்: கேட் பக்கத்துல யாரு...? தோவா? அடிப்பாவி, நீயா?

தோவா: கத்தாதடி. வாழையிலையில சுத்தின இந்த பான் தெட் அரிசிப் பலகாரக் கட்டை கேட் கம்பியில மாட்டிட்டுப் போயிடலாம்னு வந்தேன். உன் கண்ணுல பட்டுத் தொலைச்சுட்டேன்.

தியெப்: மாட்டிட்டுப் போக இது என்ன தபால் பெட்டியா? உள்ள வா.

தோவா: வாயை மூடு. நெஞ்சுல கறுப்புத் துணி குத்தியிருக்கு, தெரியல? அம்மா போயி இன்னும் வருஷம் திரும்பல. துக்கக்காரி எவளாவது புத்தாண்டு அன்னைக்கு அடுத்தவங்க வாசப்படி மிதிப்பாளா?

தியெப்: அடுத்தவங்க... நானா?

தோவா: பின்ன? போன்ல பாடி வீடியோ போட ஆரம்பிச்சதுலேர்ந்து நீ ஊருக்கே சொந்தக்காரி. நம்ம சாதெக் ஊரு முழுக்க உன் மூஞ்சிதான். மீன் கடை காலண்டர்லகூட நீதான் சிரிக்கிற.

தியெப்: ரொம்பத்தான் கிண்டல்.

தோவா: நிஜமாத்தான் சொல்றேன். முதல் காலடி வைக்க உன்னைத்தான் எல்லா வீட்டுலயும் கூப்பிட்டாங்களாமே. நீ நுழைஞ்சா அந்த வருஷமே ராசியாம்.

தியெப்: கூப்பிட்டாங்க. நான் எங்கயும் போகல. இங்க ஆளுங்க வருவாங்கள்ல...

தோவா: அதான் உள்ள ஒரே பாட்டும் கூத்துமா கேக்குதா?

தியெப்: ஆமா... ஆமா. கூட்டம்.

தோவா: அப்போ போ, போய் கூட்டத்தைக் கவனி. கட்டை மறக்காம எடுத்துக்க. நான் வரேன்.

தியெப்: தோவா... நில்லுடி. முதல் ஆளா நீ நுழைஞ்சா எனக்கு ஆகாதுன்னுதானே பயப்படுற? அதெல்லாம் முடிஞ்சுபோச்சு. நகைக்கடை வின் அண்ணன் காலையிலயே வந்து முதல் காலடி வெச்சுட்டாரு.

தோவா: நிஜமாவா?

தியெப்: சத்தியமா. பன்றிக்கறியைத் தின்னுட்டு, இளநீர் பத்தலன்னு குறை வேற சொல்லிட்டுப் போனாரு.

தோவா: அப்போ மத்தவங்கள்லாம் இன்னும் உள்ளதான் இருக்காங்களா?

தியெப்: என்னடி, வாசலையே பாத்துக்கிட்டு நிக்கிற?

தோவா: ஒண்ணுமில்ல. நீ போய் டீ ஊத்து. வரேன்.

தியெப்: ஓடிட மாட்டியே?

தோவா: போடின்னா... ஒரு நிமிஷம்.

*

தியெப்: அப்பாடா, வந்துட்ட. அங்க வேணாம், இங்க என் பக்கத்துல உக்காரு.

தோவா: உன் கூட்டம் எங்க?

தியெப்: இப்பதான்... பின்பக்கமா கிளம்பினாங்க.

தோவா: பாட்டை மட்டும் விட்டுட்டுப் போயிட்டாங்க போல. அந்த டிவியை அணை முதல்ல.

தியெப்: ...அணைச்சுட்டேன்.

தோவா: தரை என்னமா மினுங்குது. இவ்வளவு பேர் வந்து வறுத்த தர்பூசணி விதை கொறிச்சதுல ஒரு தோலுகூடக் கீழ விழலையா?

தியெப்: பெருக்கிட்டேன்.

தோவா: வருஷத்து முதல் நாள்லயா? இன்னைக்குத் துடைப்பத்தைத் தொட்டா வர்ற அதிர்ஷ்டமும் குப்பையோட போயிடும்னு பச்சக் குழந்தைக்குக்கூடத் தெரியும். நீ பெருக்கின?

தியெப்: யாரும் வரலடி. விடிஞ்சதுலேர்ந்து கதவைத் திறந்து வெச்சுட்டு உக்காந்திருக்கேன்.

தோவா: வின் அண்ணன்?

தியெப்: வரேன்னாரு. காலையில போன் போட்டு மாட்டேன்னுட்டாரு. இந்த வருஷம் என் பேரு மங்கிப்போச்சுன்னா, முதல்ல நுழைஞ்சவன் இவன்தான்னு ஊரே அவரைக் கிழிச்சுடுமாம். எல்லாருக்கும் அதே பயம். வேற யாராவது முதல்ல போகட்டும், அப்புறம் பாத்துக்கலாம்னு ஆளாளுக்கு வீட்டோட இருக்காங்க.

தோவா: போன்ல வாழ்த்து வந்திருக்குமே.

தியெப்: லட்சக்கணக்குல. பதில் போட்டுப் போட்டு விரல் வலிக்குது. சாப்பிட்டியான்னு ஒருத்தர் கேக்கலடி.

தோவா: சாப்பிட்டியா?

தியெப்: இல்ல.

தோவா: கட்டைப் பிரி. அம்மா கைப்பக்குவம் இருக்காது, பொறுத்துக்க.

தியெப்: தனியாவா கட்டின?

தோவா: வேற யாரு இருக்கா? வருஷா வருஷம் அம்மா உனக்குன்னு தனியா ஒண்ணு கட்டுவாளே... இந்த வருஷமும் கை தானா கட்டிடுச்சு.

தியெப்: அவங்க சாவுக்குக்கூட நான் வரல.

தோவா: பெரிய மலர் வளையம் அனுப்பின. அதுல உன் பேரைப் பாத்துட்டு எல்லாரும் அதுகிட்ட நின்னு போட்டோ எடுத்துக்கிட்டாங்க. அம்மாகிட்ட நான் மட்டும்தான் உக்காந்திருந்தேன்.

தியெப்: திட்டுடி. நல்லா திட்டு. இப்பவும் பொய் சொல்லி உன்னையே முதல் காலடி வைக்க வெச்சுட்டேன். என் வருஷம் எப்படிப் போனாலும் போகட்டும்... தனியா இருக்க முடியல.

தோவா: பொய்யுன்னு அப்பவே தெரியும். வாசல்ல கிடந்தது உன் ஒரு ஜோடி செருப்புதான்.

தியெப்: தெரிஞ்சுமா உள்ள வந்த? இரு... உன் நெஞ்சுல குத்தியிருந்த கறுப்புத் துணி எங்க?

தோவா: உன் கேட் கம்பியில மாட்டிட்டு வந்தேன். இவ தனியா இருக்கா, நீ கொஞ்ச நேரம் வெளியில இரும்மான்னு அம்மாகிட்ட சொல்லிட்டு.